கொளுத்தினதோ, வைச்சதோ? வன்னியில் ‘வெடி’ என்ற ஒரு சொல்

அம்மா தொலைபேசியில், “ராத்திரி முழுக்க ஒரே வெடி, கண் மூடேல்லை” என்று சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “கொளுத்தினதோ, வைச்சதோ?”

கொளுத்தினது என்றால் பயமில்லை. கோயிலில் திருவிழா, இல்லாவிட்டால் யார் வீட்டிலோ கலியாணம். வைச்சது என்றால் காட்டுக்கரையில் யாரோ துவக்கோடு, அதாவது துப்பாக்கியோடு, திரிகிறார்கள். சில நாள் இரண்டுமில்லாமல், “யானைக்குப் போட்டது” என்று பதில் வரும். வயலுக்குள் யானை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த கேள்வி, “எவ்வளவு போச்சு?”

ஒருமுறை பக்கத்தில் இருந்து இதைக் கேட்ட சென்னை நண்பர் ஒருவர், “என்ன விசேஷம் உங்க ஊர்ல? பட்டாசு வெடிக்கிறாங்களா?” என்றார். அன்றைக்கு நடந்தது வைச்சது. அதை விளக்கிச் சொல்ல அரை மணித்தியாலம் பிடித்தது. அந்த அரை மணித்தியாலத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் வெடி என்ற சொல் இல்லாமல் இல்லை. சரவெடி, ஊசிவெடி, ஓலைவெடி, லட்சுமி வெடி என்று வகைப் பெயர்கள் பல வெடியில்தான் முடிகின்றன. ஆனால் மொத்தச் சரக்குக்கும் அங்கே பொதுப்பெயர் பட்டாசு. கடைப் பலகையில் பட்டாசு, சிவகாசி என்றாலே பட்டாசு. இலங்கையின் வடக்கே, வன்னியில், எங்கள் பக்கத்தில் பொதுப்பெயரே வெடி. கடையில் போய் “வெடி இருக்கோ?” என்றுதான் கேட்போம். சிவப்புத் தாளில் சுற்றி, திரிகளைப் பின்னிச் சரமாக வருவது சீனவெடி. நீர்கொழும்புக்குப் பக்கத்தில் கிம்புலாபிட்டிய என்ற ஊர் வெடி செய்வதற்கே பெயர்போனது. அங்கே செய்து லொறியில் வந்தாலும் எங்கள் வாயில் அது சீனவெடிதான். பட்டாசு என்ற சொல்லும் இப்போது தொலைக்காட்சியோடும் இந்தியப் பெட்டிகளோடும் வந்து சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் அதையும் சொல்கிறார்கள். தகராறில்லை.

மத்தாப்பும் வாணமும் வெடி அல்ல. சின்னப்பிள்ளைகூட இதில் பிழை விடாது: மத்தாப்புக் கொளுத்துவது, வாணம் விடுவது, வெடி கொளுத்துவது. மத்தாப்பு என்பது பாரசீகத்தில் நிலவொளியைக் குறிக்கும் ‘மஹ்தாப்’ என்ற சொல். வாணம் என்பது பாணம், அதாவது அம்பு. ஒன்று வெளிச்சத்துக்காகப் பெயர் பெற்றது, மற்றது பாய்ச்சலுக்காக. கோயில் திருவிழா அறிவித்தலில் ‘வாணவேடிக்கை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை வாயால் சொல்லும் ஒருவரை நான் கண்டதில்லை. “வாணம் விட்டவை” என்றால் போதும்.

சரி, வெடி எதற்காகப் பெயர் பெற்றது? சத்தத்துக்காக என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் போய் நின்றால் வேறு கதை. “கோப்பை வெடிச்சிருக்கு, அதில சாப்பிடாதை” என்பார் அம்மா. கோப்பை ஒரு சத்தமும் போடவில்லை. மயிர்போல ஒரு கோடு ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். சென்னையில் இதை விரிசல் என்பார்கள். சுவர் வெடிக்கும், குதிக்கால் வெடிக்கும், சட்டியில் கடுகு வெடிக்கும். மாரி பொய்த்துக் குளம் வற்றினால் வயல்நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் கால் போனால் கணுக்கால் பிசகும். வெள்ளரிப்பழம் நன்றாகப் பழுத்தால் தானாகவே வெடிக்கும். வெடித்த பழத்தைப் பிளந்து சீனி தூவிச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், இந்தச் சொல்லுக்குள் எவ்வளவு மென்மையான ஒரு அறை இருக்கிறது என்று. குளக்கட்டு மட்டும் வெடித்துத் தண்ணீர் போவதில்லை, உடைத்துக்கொண்டுதான் போகும். கட்டில் ‘வெடிப்பு’ கண்டிருக்கிறது என்று சொன்னால் அது உடைவதற்கு முந்திய நிலை. மண்வெட்டியோடு ஊர் திரள வேண்டிய நேரம்.

ஆக, வெடித்தல் என்பது முதலில் பிளத்தல். உள்ளே இருந்து ஒரு விசை தள்ள, வெளியே இருக்கும் தோல் தாங்காமல் விட்டுக்கொடுப்பது. சத்தம் வரலாம், வராமலும் விடலாம். புறநானூற்றின் 302 ஆம் பாட்டில் ‘வெடிவேய்’ என்று ஒரு சொல் வருகிறது. வேய் என்றால் மூங்கில். வளைத்துப் பிடித்த மூங்கில் கைவிட்டதும் விசைத்து நிமிர்வதுபோலக் குதிரைகள் ஓடித் தாவுகின்றன என்பது அங்கே உவமை. வெடிமருந்து இந்த மண்ணுக்கு வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முந்திய வெடி அது. அடங்கிக் கிடந்த விசை விடுபடுவதற்கு அந்தச் சொல் அப்போதே இருந்திருக்கிறது. பிறகு துவக்கும் பீரங்கியும் சீனவெடியும் வந்தபோது புதுச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. சீன மொழியில் வெடிக்கு வழங்கும் பழைய பெயருக்கு நேர்ப்பொருள் ‘வெடிக்கும் மூங்கில்’. பச்சை மூங்கிலை நெருப்பில் போட்டால் கணுக்களுக்கு இடையில் அடைபட்ட காற்றும் ஈரமும் சூடாகி, தாங்க முடியாமல் மூங்கில் பிளந்து சத்தம் போடும். மருந்து கண்டுபிடிக்கும் முன்னர் அவர்களுடைய வெடி அதுதான். எங்கள் மூங்கிலுக்கும் அவர்கள் மூங்கிலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இருந்தாலும் இரண்டு ஊர்களும் ஒரே செடியைப் பார்த்து ஒரே மாதிரி யோசித்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

சீனவெடியின் வேலையும் அதே மூங்கிலின் வேலைதான். கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றின் கலவை. நூற்றுக்கு ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். திறந்த இடத்தில் கொட்டிக் கொளுத்தினால் அது வெடிக்காது. ‘புஸ்’ என்று எரிந்து புகையாகிவிடும். அதையே தாளில் இறுக்கிச் சுற்றி இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால், எரியும்போது பிறக்கும் வாயு போக வழியில்லாமல் முட்டி, தாளைக் கிழித்துக்கொண்டு வரும். அந்தக் கிழிசல்தான் சத்தம். திருவிழா முடிந்த அடுத்தநாள் காலை கோயில் வீதியில் நூந்துபோன வெடிகளைப் பொறுக்கிய எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தப் பாடம் தெரியும். திரி நூந்து வெடிக்காமல் கிடப்பதை எடுத்து, நடுவால் முறித்து, மருந்தை ஒரு ஓட்டில் கொட்டி நெருப்புக் குச்சியைக் காட்டுவோம். சத்தமில்லை, ஒரு வெளிச்சம், கொஞ்சம் புகை, ஒருவனுக்காவது புருவமயிர் பொசுங்கும். வெடி என்ற பெயரை அந்த மருந்து அப்போதே இழந்துவிடுகிறது. ‘வெடிக்காத வெடி’யைப் பொறுக்கும் இந்தப் பழக்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

மருந்து என்ற சொல்லையும் விட்டுவிட்டுப் போக முடியாது. வெடிமருந்து எப்படி மருந்தாயிற்று? சீன மொழியிலும் அதன் பெயர் ‘தீ மருந்து’. சிங்களத்தில் ‘வெடி பெஹெத்’. பெஹெத் என்றால் ஆஸ்பத்திரியில் தரும் அதே மருந்து. இடித்து, சலித்து, அளந்து கலப்பதால் மூலிகைச் சூரணம்போல இதையும் நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சீனத்தில் இதைக் கலந்து கலந்து பார்த்தவர்களும் நீண்ட ஆயுளுக்கு மருந்து தேடியவர்கள்தான்.

சிங்களத்தைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். தமிழ் வெடி அங்கேயும் வெடிதான். ஆனால் அங்கே அது பெரும்பாலும் துவக்கின் பக்கமே சாய்ந்துவிட்டது. சீனவெடிக்குச் சிங்களத்தில் ‘ரதிஞ்ஞா’ என்று வேறு சொல் உண்டு. சுடுவதற்கு ‘வெடி தியனவா’ என்பார்கள். தியனவா என்றால் வைப்பது. நாங்கள் ‘வெடி வைக்கிறது’ என்கிறோம். சொல்லுக்குச் சொல் ஒன்றே. வவுனியாவுக்குத் தெற்கே இரண்டு மொழியும் புழங்கும் எல்லைக் கிராமங்களில் ஒருவன் எந்த மொழியில் சொன்னாலும் மற்றவனுக்கு இந்த விஷயம் உடனே விளங்கிவிடும். துவக்குக்கும் அங்கே ‘துவக்குவ’ என்றுதான் பெயர். துருக்கியில் பிறந்த சொல் அது, தமிழ்நாட்டில் துப்பாக்கி என்ற வடிவில் இருக்கிறது.

வன்னியில் வெடிக்காரன் என்றால் வெடி விற்பவன் அல்ல. குறி தவறாத வேட்டைக்காரன். “அவர் அந்த நாளையில நல்ல வெடிக்காரன்” என்று ஒரு கிழவரைக் காட்டிச் சொன்னால், ஒரே வெடியில் மரையையோ பன்றியையோ விழுத்தியவர் என்று பொருள். ஒரே வெடி என்பதில்தான் பெருமை இருக்கிறது, ஏனென்றால் மருந்து காசு. ஊர்க் கொல்லன் செய்த இடியன் துவக்கில் வாய் வழியாக மருந்தைப் போட்டு, துணி வைத்துக் கம்பியால் இடித்து, சன்னத்தைப் போட்டு, மறுபடி இடித்து, அப்புறம்தான் சுட வேண்டும். இடிப்பதால் இடியன். ஒன்று தவறினால் அடுத்தது இடித்து முடிக்கும் வரை வெடிபட்ட பன்றி காத்திருக்காது. காட்டுவிலங்கு வேட்டை பெரும்பாலும் இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். அதற்கான கட்டளைச் சட்டம் 1937 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் சொல்வழக்கு சட்டத்தைப் பார்த்து நடப்பதில்லை.

ஏன் ‘வைக்கிறது’? இந்த வினைச்சொல்லில்தான் சிக்கல் எல்லாம். கல்லுப் பாறையில் கிணறு வெட்டுகிறவர்கள் துளை போட்டு மருந்து நிரப்பித் தகர்ப்பதும் ‘வெடி வைக்கிறது’தான். அங்கே நிஜமாகவே எதையோ வைக்கிறார்கள். துவக்கால் சுடுவதும் ‘வெடி வைக்கிறது’. முள்ளிக்குள் பதுங்கி நின்று சுட்டாலும் அதே சொல், பூசணிக்காய்க்குள் மருந்தை ஒளித்துக் காட்டுவழியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் அதே சொல். “பன்றிக்கு வெடி வைச்சவன்” என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால் இரண்டில் எது என்று தெரியாது. கேட்பவர் கேட்டுத்தான் அறிய வேண்டும்: “துவக்கோ, பழமோ?”

பத்திரிகைக்காரர்கள் இதைத் தவிர்க்கத் ‘துப்பாக்கிச்சூடு’ என்று எழுதுகிறார்கள். அதிலும் வன்னிக்காரனுக்கு ஒரு வில்லங்கம். எங்களுக்குச் சூடு என்றால் அரிவி வெட்டிய நெற்கதிரைக் குவித்து வைக்கும் போர். சூடு வைப்பதும் சூடு அடிப்பதும் காலபோகம் முடியும்போது நடக்கும் வேலைகள். “சூடு அடிக்கப் போனவர்” என்று சொன்னால் நெல் அடிக்கப் போனவர். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் இதைக் கேட்டு முகம் வெளுத்த கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது.

யானை வெடிக்கும் பன்றி வெடிக்கும் இடையில் இருப்பது இதைவிடப் பெரிய சிக்கல்.

இரண்டும் ஒரே இலக்கணம். விலங்கின் பெயர், அப்புறம் வெடி. யானை வெடி என்பது வனசீவராசிகள் திணைக்களம் ஊராருக்குக் கொடுப்பது. கையளவு தடிப்பு, திரி வைத்துக் கொளுத்தி எறிய வேண்டும், சத்தம் ஊரைப் பிளக்கும். சிங்களத்தில் இதற்கு ‘அலி வெடி’ என்று பெயர். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய், செட்டிகுளம் என்று காட்டை ஒட்டிய வயலூர் எதிலும் நெல் பால் பிடிக்கும் காலத்தில் காவற்கொட்டிலுக்குள் இரண்டு யானை வெடி இருக்கும், அல்லது இல்லை என்ற முறைப்பாடு இருக்கும். “வெடி தந்து முடிஞ்சுதாம்” என்று அலுவலகத்திலிருந்து திரும்பி வரும் விவசாயியின் முகம் எனக்கு நல்ல பரிச்சயம். இந்த வெடி யானையைத் துரத்தத்தான், கொல்ல அல்ல. அதன் பலமெல்லாம் எதிர்பாராத தன்மையில் இருக்கிறது. முதல் வருடம் யானை ஓடும். அடுத்த வருடம் காதை அடித்துக்கொண்டு கொஞ்சம் விலகி நிற்கும். பழகிவிட்ட ஒற்றைக் கொம்பன், சத்தம் வந்த பக்கம் ஆள் நிற்கிறான் என்று கணக்குப் போட்டு அந்தப் பக்கமாகவே வரும். அதனால் கிட்டப் போய் எறிய வேண்டியிருக்கிறது. கிட்டப் போனால், ஒன்று யானை, இல்லாவிட்டால் கையிலேயே வெடிக்கும் வெடி.

பன்றி வெடி திணைக்களம் கொடுப்பதல்ல. களவாகச் செய்வது. வெடிமருந்தைச் சிறு கற்களோடு இறுக்கிக் கட்டி, பழத்துக்குள்ளோ காய்க்குள்ளோ மறைத்துப் போடுவார்கள். திரி கிடையாது. கடிக்கும் அழுத்தத்தில் வெடிக்கும். சிங்களத்தில் ‘ஹக்க பட்டாஸ்’. ஹக்க என்றால் தாடை, பட்டாஸ் என்பது சத்தம். எங்கள் பட்டாசுபோலவே ஒலிக்கும் சொல் அங்கே எப்படிப்பட்ட வேலைக்குப் போயிருக்கிறது பாருங்கள். பன்றிக்காகப் போட்ட பழத்தைப் பன்றிதான் தின்ன வேண்டும் என்று காட்டில் சட்டமில்லை. யானைக் குட்டிகள் வாயில் போடுகின்றன. தாடையும் நாக்கும் சிதைந்த யானை உடனே சாவதில்லை. தின்ன முடியாமல், தண்ணீர் குடிக்க முடியாமல், நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் நின்று மெலிந்து விழும். இலங்கையில் யானைகள் சாவதற்கு முன்னணிக் காரணங்களில் இது ஒன்று.

யானை வெடியால் யானை சாவதில்லை, பன்றி வெடியால்தான் சாகிறது. பெயரில் முன்னால் நிற்கும் விலங்கு, யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறது; யாரைப் போய்ச் சேரும் என்பதைச் சொல்வதில்லை. செய்தி எழுதும் இளையவர்கள் சிலர் இரண்டையும் ‘பட்டாசு’ என்று மொழிபெயர்த்து விடுகிறார்கள். ‘பட்டாசு வெடித்து யானை பலி’ என்று தலைப்புப் பார்த்தால், கோயில் திருவிழாவில் ஏதோ நடந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த இடத்தில் பட்டாசு என்ற சொல் குற்றத்தைக் கழுவிவிடுகிறது. பன்றி வெடி என்றே எழுத வேண்டும் என்பது என் கட்சி.

கடலிலும் வெடி உண்டு. முல்லைத்தீவுப் பக்கம், “இது வெடி போட்டுப் பிடிச்ச மீனோ?” என்று கேட்டு மீனை அழுத்திப் பார்த்து வாங்கும் பெண்களைக் கண்டிருக்கிறேன். டைனமைட் அதிர்ச்சியில் செத்த மீனின் முள் நொறுங்கி, தசை சொதசொதவென்று இருக்கும். அங்கே வினைச்சொல் ‘போடு’. யானைக்கும் போடு, மீனுக்கும் போடு. கையால் எறிவதெல்லாம் போடுவதுதான்.

யுத்தத்தைத் தொடாமல் இந்தச் சொல்லைப் பற்றி எழுதி முடிக்க முடியாது. ஆனால் அதில் அதிகம் நிற்கவும் விருப்பமில்லை. வெளியூரார் எல்லாவற்றையும் வெடிச்சத்தம் என்பார்கள். வன்னியில் வளர்ந்த பிள்ளை அப்படிச் சொல்லாது. செல் என்றால் ‘குத்துற’ சத்தம் முதலில் கேட்கும், பிறகு விழும். குண்டு என்றால் விமானம் ‘போடும்’. துவக்குச் சத்தம்தான் ‘வெடி’. அது ‘கேட்கும்’, ஒருவருக்கு ‘விழும்’, அல்லது ‘படும்’. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வினைச்சொல், ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற கணக்கு. குத்துற சத்தம் கேட்டால் பங்கருக்குப் போகச் சில நொடிகள் உண்டு. வெடி கேட்டால் இருந்த இடத்திலேயே படுக்க வேண்டும். இந்த இலக்கணத்தை எங்களுக்கு யாரும் வகுப்பில் வைத்துச் சொல்லித்தரவில்லை.

1990 களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யூரியாவும் மின்கலமும்கூட வரமுடியாத இடத்துக்குச் சீனவெடி எப்படி வரும்? என் அக்காவின் கலியாணம் ஒரு வெடி கொளுத்தாமல் நடந்தது. தாலி கட்டும் நேரத்தில் மேளம் மட்டும்தான். பிள்ளைகள் நாங்கள் சைக்கிள் கம்பியின் தலையில் நெருப்புக்குச்சி மருந்தைச் சுரண்டி அடைத்து, ஆணியைச் செருகிக் கல்லில் அடித்து ஒரு சின்ன டப் சத்தத்தை உண்டாக்கினோம். வீட்டுக்காரர் அடித்தார்கள். நெருப்புப்பெட்டி வீணாகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். 2002 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 அன்று போர்நிறுத்தம் கைச்சாத்தாகி, பாதை திறந்த பிறகுதான் ஏ9 வீதியால் சீனவெடியும் வந்தது. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் தைப்பொங்கலுக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

பொங்கலைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டாருக்கு வெடி என்றால் தீபாவளி. எங்களுக்குத் தைப்பொங்கல்தான். விடியற்காலை முற்றத்தில் பானை வைத்து, பால் பொங்கி வழியும் அந்தக் கணத்தில் வெடி கொளுத்த வேண்டும். முந்தினால் அவசரக்காரன், பிந்தினால் சோம்பேறி. ஒரு வீட்டுப் பானை பொங்கியது அயல்வீடுகளுக்குத் தெரிவது வெடியால்தான். பெண்பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டிலும் உண்டு. செத்தவீட்டிலும் உண்டு. பறை முன்னே போக, பாடை நகர நகர, ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று என்று கொளுத்திக்கொண்டு போவார்கள். பெட்டி ஒன்றே, கடை ஒன்றே. ஆனால் வயலில் நிற்பவர் தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிடுவார், எது சாவு, எது கலியாணம் என்று. சரமாக வந்தால் மகிழ்ச்சி, ஒற்றையாக வந்தால் துக்கம்.

யுத்தம் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்தது. மீள்குடியேறிய ஊர்களில் யாராவது வீட்டில் விசேஷம் என்றால், சின்னப் பெடியன் ஒருவன் சைக்கிளில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், “வெடி கொளுத்தப் போறம்” என்று சொல்லிவிட்டு வருவான். கொளுத்தப் போறம் என்ற அந்த ஒரு வினைச்சொல்லைச் சொல்வதற்காகவே அனுப்பப்படுகிறான். எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகளுக்கு இன்றும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் ஒரு வீட்டுக் கிழவி, “சரி மோனை, பத்து நிமிசம் பொறு, நான் மாட்டை அவிட்டுப்போட்டு அந்தப் பக்கம் போறன்” என்பாவாம். மாட்டுக்காகத்தான் போவதாக அவ எப்போதும் சொல்லுவா.

இனி, பொறுக்குவதைப் பற்றி. நூந்த வெடியைப் பொறுக்கி முறிப்பது பிள்ளைகளின் விளையாட்டு என்று முன்னே சொன்னேன். யுத்தம் முடிந்த நிலத்தில் ‘வெடிக்காத வெடி’ என்பதற்கு அதே சொற்களால் வேறொரு பொருள் வந்து உட்கார்ந்துவிட்டது. மிதிவெடி, கண்ணிவெடி, பொறிவெடி, வெடிக்காமல் கிடக்கும் செல். பள்ளிக்கூடங்களுக்கு வந்து படம் காட்டி விளக்கியவர்கள் முதலில் சொன்னது, “கண்டால் தொடாதீங்கோ, பொறுக்காதீங்கோ” என்பதுதான். இந்தப் பெயர்களைக் கவனித்தால், முன்னால் நிற்கும் சொல் எதனால் வெடிக்கும் என்பதைச் சொல்கிறது. மிதித்தால் மிதிவெடி. கண்ணி என்பது குருவிக்கு வைக்கும் சுருக்கு. அதுபோல வழியில் காத்துக் கிடப்பது கண்ணிவெடி. பொறி எலிக்கு வைப்பது. எதையோ தூக்கினால், இழுத்தால், திறந்தால் வெடிப்பது பொறிவெடி. வேட்டைக்காரர்களின் சொற்கள் அத்தனையும். விலங்குக்கு வைத்த பெயர்களை மனிதருக்கு வைத்ததற்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ஹலோ ட்ரஸ்ட், மாக் ஆகிய அமைப்புகள் 2002 ஆம் ஆண்டிலிருந்தே வடக்கில் மிதிவெடி அகற்றுகின்றன. உள்நாட்டு அமைப்புகளான டாஷும் ஷார்ப்பும் பின்னர் சேர்ந்தன. இராணுவத்தின் பிரிவுகளும் செய்கின்றன. ஆனையிறவைத் தாண்டி முகமாலையில் இரண்டு தரப்பும் நீண்ட காலம் எதிரெதிரே நின்ற நிலம், நெருக்கமாகப் புதைத்த மிதிவெடிகளுக்குப் பெயர்போனது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி நிலம் முழுவதையும் துப்புரவாக்கக் கிடைத்த கெடு 2028 ஜூன் 1. இந்த வேலைக்குப் போகிறவர்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர். குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். முழங்காலில் இருந்து, முகக்கவசம் போட்டு, விரல் அகலம் விரல் அகலமாக மண்ணைச் சுரண்டுகிறார்கள்.

அவர்கள் கண்டெடுப்பதை ஒரு இடத்தில் வைத்துத் தகர்ப்பதுண்டு. அதற்கு முன் ஊருக்குச் சொல்லிவிடுவார்கள். எங்கள் அயலில் அந்த வேலைக்குப் போகும் ஒருவரிடம், “இண்டைக்கு வெடி வைக்கப் போறியளோ?” என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் திருத்தினார்: “வெடி வைக்கேல்லை அண்ணை. வைச்ச வெடியை வெடிக்க வைக்கிறம்.”

அன்று பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு சத்தம் கேட்டது. ஐந்து மணிக்கு அம்மா தொலைபேசி எடுத்தா. அவ இருப்பது பத்துக் கட்டைக்கு அப்பால். கேட்டிருக்கிறது. வினைச்சொல்லைத் தெரிந்துகொள்ளத்தான் எடுத்திருந்தா.